வாழ்க்கை சலித்துப்போனால் புதிதாக எதைத் தொடங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை, குடும்பம், வருமானம் ஆகியவை ஓரளவு ஒழுங்காக இருந்தும், நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி நகர்கின்றன என்று உணர்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பொழுதுபோக்குகளின் நீண்ட பட்டியல் எதுவும் இதில் இல்லை. பட்டியலைப் படித்துச் சலிப்பு தீர்ந்தவரை நான் பார்த்ததில்லை. இரு மாவட்டங்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிலவற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் இருந்தும் எதிலும் பிடிப்பு இல்லை. இது சோம்பேறித்தனமா?

இல்லை. சோம்பலில் இருப்பவருக்கு எதையும் செய்யும் விருப்பமே எழாது. சலிப்பில் இருப்பவருக்கோ ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், ஆனால் எடுக்கும் எதிலும் மனம் நிற்காது. கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடைய குழுவினரும் 2012இல் தந்த விளக்கமும் இதை ஒட்டியதே: நிறைவு தரும் செயலில் ஈடுபட விரும்பியும் ஈடுபட முடியாமல் போவதே சலிப்பு என்றும், அதன் வேர் கவனத்தை ஊன்ற முடியாமையில் இருக்கிறது என்றும் அவர்கள் கூறினார்கள்.

அந்தத் தவிப்பு எவ்வளவு வலியது என்பதை 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோதி வில்சன் குழுவினர் நடத்திய சோதனை காட்டியது. கைபேசியோ புத்தகமோ இல்லாத அறையில் ஒவ்வொருவரையும் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்து, விரும்பினால் பொத்தானை அழுத்தி லேசான மின்னதிர்ச்சி பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அதிர்ச்சியை முன்பே ஒரு முறை அனுபவித்து, காசு கொடுத்தாவது அதைத் தவிர்ப்போம் என்று சொன்னவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினமான காரியம் என்பதால், சலிப்புக்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

இது வெறும் சலிப்பா, மனச்சோர்வு நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பு விரும்பிச் செய்தவற்றில்கூட ஆர்வம் அற்றுப்போய், தூக்கமும் பசியும் மாறி, காரணமில்லாத அசதியும் 'எதற்கும் பயனில்லாதவன்' என்ற எண்ணமும் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் நீடித்தால், அதைப் பொழுதுபோக்கால் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே, மனம் வரும்வரை காத்திராமல் சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யவைக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதை மருத்துவரின் துணையோடு செய்வதே நல்லது.

கைபேசியில் வீடியோ பார்ப்பதும் பொழுதுபோக்குதானே?

பொழுது போகிறது, சலிப்பு போவதில்லை. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வீடியோவைத் தாவாமல் தொடர்ந்து பார்த்தவர்களைவிட, பிடிக்காதபோதெல்லாம் தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தாவியவர்கள் அதிகச் சலிப்பை உணர்ந்தது தெரியவந்தது. தாவினால் சலிப்பு குறையும் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள்.

எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆர்வம் முன்னால் வந்து வழிகாட்டும் என்று காத்திருப்பதில்தான் பெரும்பாலானோர் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். ஒரு வேலையில் கொஞ்சம் கை பழகிய பின்னர், அதன் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது பிறப்பதே ஆர்வம். ஆகவே 'எனக்கு எது பிடிக்கும்?' என்று யோசிப்பதைவிட, 'என் அன்றாட வேலை என்னிடம் எதைக் கேட்பதே இல்லை?' என்று யோசிப்பது பயன் தரும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருபவருக்கு உடல் ஏற்கெனவே களைத்திருக்கும்; அவருடைய பேச்சும் சிந்தனையும்தான் நாள் முழுவதும் வேலையின்றிக் கிடந்திருக்கும். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியே ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, வாயை மூடிக்கொண்டு கையால் செய்யும் வேலை புதுமையாக இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் நிலை இவற்றிலும் வேறு. அவர்கள் செய்யும் எதுவும் மறுநாள்வரை நிற்பதில்லை: சமைத்தது தீர்ந்துவிடுகிறது, துவைத்தது அழுக்காகிவிடுகிறது, கூட்டிய வாசலில் மறுபடியும் புழுதி படிகிறது. அவர்களிடம் புதிய பலகாரம் செய்து பாருங்கள் என்று யோசனை சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது. செய்தது செய்தபடி நிற்கிற ஒன்று அவர்களுக்கு வேண்டும். அது தையலாகவோ, வரைந்த படமாகவோ, வளரும் மரமாகவோ, பக்கம் பக்கமாக எழுதிச் சேர்த்த குறிப்பேடாகவோ இருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய பொழுதுபோக்கு என்று ஏதேனும் உண்டா?

என்னைக் கேட்டால், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களான நடுகற்களைத் தேடிப் பார்ப்பதை முதலில் சொல்வேன். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நடுகல் நாட்டி, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைத்ததைப் புறநானூற்றின் 232ஆம் பாடலில் ஔவையார் சொல்கிறார். அந்த வழக்கம் அதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் இந்த மண்ணில் நீடித்ததால், தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளில் நம் இரு மாவட்டங்களும் அடங்கும். 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பெரிய அளவில் தேடிப் பதிவுசெய்தது. அதன் பிறகும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புதிய கற்கள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஊரில் போய் 'நடுகல் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 'வேடியப்பன் கோயில் எங்கே?' என்று கேளுங்கள். நடுகல் வீரனை வேடியப்பன் என்றும், கணவனோடு தீப்புகுந்த பெண்ணின் கல்லைத் தீப்பாஞ்சம்மன் என்றும் மக்கள் இன்றும் வழிபடுகிறார்கள். கல்லின் முன் நின்றதும் முதலில் எழுத்தைத் தேடாமல் உருவத்தைப் பாருங்கள். ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் இருந்து, காலடியில் மாடுகள் செதுக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஆநிரைப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுடைய கல். எழுத்து இருந்தால் அதில் 'தொறு' என்ற சொல் வருகிறதா என்று தேடலாம். மாட்டுமந்தைக்கு அக்காலக் கல்வெட்டுகள் பயன்படுத்திய சொல் அது. எதிரில் புலி பாய்ந்து நின்றால், அது புலியோடு போராடி இறந்தவனுக்கான புலிக்குத்திப்பட்டான் கல். பிற்காலக் கற்கள் சில மூன்று அடுக்குகளாக இருக்கும்: கீழே போர், நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிச் செல்லும் காட்சி, மேலே அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கும் காட்சி. இந்த அளவு தெரிந்துகொண்டாலே, இதுவரை பேருந்து ஜன்னல் வழியாகக் கடந்துபோன ஊர்களின் பெயர்கள் வேறுவிதமாகக் காதில் விழத் தொடங்கும்.

காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கல் தெளிவாகத் தெரியும். நண்பகலில் போனால் மொட்டைக் கல்லாகவே தோன்றும். சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். வழிபாட்டில் உள்ள கல்லானால் ஊராரிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் செல்லுங்கள். புதையலுக்காகக் கற்களைப் பெயர்ப்பவர்கள் இருப்பதால், குறிப்பேடும் கேமராவுமாக வரும் அந்நியரைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் தீரும், கூடவே அந்தக் கல்லைப் பற்றிய கதையும் கிடைக்கும்.

கல்வெட்டு எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். பழைய நடுகற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறை இருக்கும். எழுத்துகளின் எண்ணிக்கை குறைவு. நடுகல் வாசகங்களும் இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்ன பூசலில் பட்டான் (இறந்தான்) என்ற ஒரே அமைப்பில் வருவதால், தெரிந்த சொற்களைக் கொண்டு தெரியாத எழுத்தை ஊகிக்கலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்கள் வைக்கப்பட்டிருப்பதால், வெயிலில் அலையாமல் அங்கேயே பழகத் தொடங்கலாம். தொல்லியல் துறையின் பழைய வெளியீடுகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிற்காலக் கற்களில் கன்னடமும் தெலுங்கும் எதிர்ப்படும். இந்த வட்டாரத்தில் அம்மொழிகளை வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால், அது ஒரு நல்ல துணையைத் தேடிக்கொள்ளவே காரணமாகலாம்.

ஓய்வுபெற்றுவிட்டேன், முட்டி வலி உண்டு. அலைய முடியாது. வீட்டு வாசலிலேயே செய்ய என்ன இருக்கிறது?

மாங்கன்று ஒட்டுக் கட்டிப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் மாம்பழத்தைத் தின்றிருப்பார்களே தவிர, ஒட்டுக் கட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். போச்சம்பள்ளி அருகே சந்தூர் வட்டாரத்து நர்சரிகளில் இது அன்றாடத் தொழில். அரை நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கோடையில் தின்ற பழத்தின் கொட்டைகளைத் தூக்கி எறியாமல், காய்ந்துபோவதற்குள், சில வாரங்களுக்குள்ளாகவே மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பைகளில் ஊன்ற வேண்டும். மாங்கொட்டையின் முளைப்புத்திறன் நீண்ட நாள் நிற்காது. முளைத்து 10 முதல் 15 நாட்களில் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும். தண்டு கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கும் அந்தப் பருவம்தான் வேண்டும். இதற்கிடையில், நீங்கள் விரும்பும் ரக மரத்தில் மூன்று நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும். அப்போது நுனி மொட்டு பருத்து, துளிர்க்கத் தயாராகும்.

கட்டும் நாளில் நாற்றின் தலையை மண்ணிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, தண்டின் நடுவில் 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு இடுகிறார்கள். அதே பருமனுள்ள ஒட்டுக்குச்சியின் அடியை இருபுறமும் ஆப்பு போலச் சீவி, பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். இரண்டு தண்டுகளின் பட்டையும் குறைந்தது ஒரு பக்கத்திலாவது சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. சீவிய இடத்தில் விரல் படக்கூடாது, பிளேடு புதிதாக இருக்க வேண்டும். பிறகு நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று வாரங்களில் துளிர் தெரியும். காற்றில் ஈரப்பதம் நிற்கும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

முதல் முறை கட்டியவற்றில் பாதிக்குமேல் கருகிப்போவது இயல்பு, ஆகவே இரண்டு மூன்று கொட்டைகளோடு தொடங்காதீர்கள். நம்மூர் ரகங்கள் பெரும்பாலும் கொட்டையிலிருந்து வளர்ந்தால் தாய் மரத்தின் பழத்தையே தருவதில்லை. ஒட்டுக் கன்றானால் மல்கோவா மல்கோவாவாகவே காய்க்கும், அதுவும் சில ஆண்டுகளிலேயே. தெரிந்தவர்களின் தோப்புகளில் இமாம் பசந்த், செந்தூரா, நீலம் என்று குச்சி கேட்டுப் போகத் தொடங்கினால், பேச்சுத் துணைக்கும் குறைவிருக்காது.

வாடகை வீட்டில் இருக்கிறேன், தொட்டி வைக்கவும் இடமில்லை. செலவில்லாமல் ஏதேனும்?

பறவை பார்த்தல். தருமபுரியில் இருப்பவருக்கு அன்னசாகரம் ஏரியும் ராமக்காள் ஏரியும், ஓசூரில் இருப்பவருக்கு ராமநாயக்கன் ஏரியும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அணையும் பாரூர் ஏரியும் உள்ளன. பைனாகுலர் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. முதல் சில வாரங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து ஆகியவற்றைக் குரலை வைத்தே பிரித்தறியப் பழகுங்கள். பிறகு ஏரிக்குப் போனால் நாமக்கோழியும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் ஒன்றுபோலத் தெரியாது. பார்த்தவற்றை ஈபேர்ட் செயலியில் பதிவுசெய்யலாம். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணிப் பதிவிடும் எவரும் பங்கேற்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் காட்டோரமாக விடியற்காலையில் தனியாகப் போகாதீர்கள். ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகக் காடுகளிலிருந்து இந்தப் பக்கம் வருகின்றன. பறவைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு எதிரில் நிற்பது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கிறது. ஒகேனக்கல் போய் வந்தாலும் மறுநாளே அதே சலிப்பு. ஏன்?

எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், பரிசல், திரும்பும் வழியில் தூக்கம் என்று ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் போனால், அதுவும் ஒரு வழக்கமான வேலைநாள்தான். உல்லாசப் பயணத்தில் நம்மிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆகவே மனத்தில் ஒரு கேள்வியோடு போங்கள். அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் உள்ள பழைய ஓவியங்களில் எது ராமாயணக் காட்சி, எது பாரதக் காட்சி என்று அடையாளம் காண முயன்றால், கழுத்து வலிக்கும்வரை நேரம் போவது தெரியாது. மல்லசந்திரத்தில் பலகைக் கற்களால் எழுப்பப்பட்ட பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகளில் வட்டத்துளை எந்தத் திசையில் இடப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறிக்கலாம். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதே, அந்த மலையடிவாரத்தை ஒரு முறையாவது நடந்து பார்க்கத் தோன்றவில்லையா?

ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. நேரம் ஒதுக்க முடியவில்லை.

கடிகார நேரத்தைக் குறிக்காமல், எந்த ஷிஃப்டிலும் மாறாத ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள்: தூங்கி எழுந்து குடிக்கும் டீக்குப் பிறகு 20 நிமிடம் என்பதுபோல. கம்பெனிப் பேருந்தில் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் எதுவும் செய்யாமல் தூங்குவதே சரி.

தனியாகச் செய்வது பிடிக்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஈடுபட என்ன இருக்கிறது?

தெருக்கூத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலத்தில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் ஊரே விழித்திருக்கும்; மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளத்தோடு அது நிறைவுக்கு வரும். சிறுவயதில் பாயை விரித்து அரைத் தூக்கத்தில் பார்த்ததோடு நின்றுவிட்டவர்கள், இப்போது ஓர் இரவு முழுக்கப் பார்த்தால் அது வேறு கலையாகத் தோன்றும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் அன்றைய ஊர் நடப்பை எங்கே நுழைக்கிறான், முகவீணை என்னும் ஊதுகருவி எந்த இடத்தில் குரலைத் தாங்கிப் பிடிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பொழுது சாயும் முன்பே போய் ஒப்பனை நடக்கும் இடத்தில் மரியாதையோடு உட்கார்ந்தால், மர அணிகளான கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் சிறிது சிறிதாக வேறு ஆளாவதைக் காணலாம். கற்றுக்கொள்ள விரும்பினால் தாளம் போடுவதில் தொடங்கலாம். ஆடுவதற்கு உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்குப் பின்பாட்டு இருக்கிறது. ஆனால் அந்தக் கலைஞர்கள் பலருக்கு இதுவே பிழைப்பு என்பதை மறக்காமல், கற்றுத் தருபவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எதுவும் சொல்ல வேண்டாம். விளக்கம் கொடுக்கக் கொடுக்கத்தான் விவாதம் வளரும். வீட்டு வேலையில் குறை வராதபடி நேரத்தை அமைத்துக்கொண்டு, பேரனையோ பேத்தியையோ உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையில் மண் பட்ட பிறகு கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

எதைத் தொடங்கினாலும் பத்து நாளில் விட்டுவிடுகிறேன். பழக்கமாக எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வரத் தொடங்க நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே பத்தாம் நாளில் பழக்கமாகாததில் வியப்பு ஒன்றுமில்லை, ஒரு நாள் விட்டதற்காக முழுவதையும் விடவும் வேண்டாம். இன்னொன்று: தொடக்கத்திலேயே விலையுயர்ந்த பொருள்களை வாங்காதீர்கள். வாங்கியதிலேயே பாதி நிறைவு கிடைத்துவிடுவதால், புது கேமரா பெட்டியோடு அலமாரியில் உட்கார்ந்துவிடுகிறது. உண்மையாகவே பிடிக்கவில்லை என்றால், இரண்டு மாதம் செய்து பார்த்த பிறகு விட்டுவிடுவதில் தவறில்லை.

இதிலிருந்து வருமானமும் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்ட பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே தாமாக வரைந்தார்கள். பெரியவர்களிடமும் இது நடப்பதைப் பார்க்கலாம்: விருப்பத்தோடு கேக் செய்துகொண்டிருந்தவர், ஆர்டர் எடுக்கத் தொடங்கியதும் அடுப்பைக் கண்டாலே அலுத்துக்கொள்கிறார். ஒட்டுக் கன்றுகள் அதிகமாகிவிட்டால் முதலில் உறவினருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். விற்பதாக முடிவு செய்தால், நாற்றங்காலுக்கான உரிமம் பற்றி வட்டார விதை ஆய்வாளரிடமோ தோட்டக்கலை அலுவலகத்திலோ விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். விற்பனைக்கான கன்றுகளைத் தனி வரிசையில் வைத்து, புதிய ரகங்களை முயன்று பார்க்கச் சில பைகளைத் தனியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.